தார்ப்பாயும் கயிறும்: சிதறும் சரக்கை ஏற்றிச் செல்லும் முறை

தார்ப்பாய் போட்டாயிற்று, இனிக் கவலை இல்லை என்று வண்டியை எடுப்பவர்கள் லாரித் தொழிலில் நிறையப் பேர். தார்ப்பாய் தூசியைத் தடுக்கும், மழையைத் தடுக்கும், மேலாகக் கிடக்கும் பொடிக்கல் காற்றில் எழும்பாமல் பார்த்துக்கொள்ளும். அதோடு அதன் வேலை முடிந்தது. திடீர் பிரேக்கில் முன்னால் பாய்ந்து வரும் இரும்புக் கம்பியை அது ஒரு நொடிகூடத் தாங்காது. கயிறு, பெல்ட், சங்கிலி ஆகியவற்றின் கதை நேர் எதிர். கட்டையையும் கம்பியையும் பெட்டியையும் அசையாமல் பிடிக்கும். மணலையும் சாம்பலையும் அவற்றால் பிடிக்க முடியாது. மூடுவது ஒரு வேலை, கட்டுவது வேறொரு வேலை. எந்தச் சரக்குக்கு எது வேண்டும், எதற்கு இரண்டும் வேண்டும் என்பதை ஏற்றுகிற இடத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். செக்போஸ்ட் கண்ணில் பட்ட பிறகு ஓரங்கட்டித் தார்ப்பாயை இழுத்து விடுவது அபராதத்துக்குச் செய்யும் ஒப்பனை. அதனால் யார் உயிரும் பிழைக்காது.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம், இது சுருக்கம்தான். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 93-ஆம் விதி அளவுகளைச் சொல்கிறது. அகலம் 2.6 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. சரக்கு வண்டிக்கு உயர வரம்பு முன்பு 3.8 மீட்டர், 2020-இல் அதை 4 மீட்டர் ஆக்கினார்கள். இது தரையிலிருந்து சரக்கின் உச்சி வரைக்குமான கணக்கு. கண்டெய்னர் டிரெய்லருக்குத் தனி அளவு உண்டு. சரக்கு பாடியின் பக்கப்பலகைக்கு வெளியே வரக்கூடாது, முன்னாலும் பின்னாலும் நீட்டக்கூடாது. இந்தப் ‘பின்னால்’ என்பதில்தான் இன்னும் பலருக்குக் குழப்பம். கம்பியோ கம்பமோ பின்பக்கம் 1 மீட்டர் வரை நீட்டிக்கொண்டிருக்க ஒரு காலத்தில் விதியிலேயே இடம் இருந்தது. 2014-இல் அதை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகும் கம்பி முனையில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டால் சட்டப்படி சரி என்ற நம்பிக்கை மட்டும் போகவில்லை. சிவப்புத் துணி எந்த அனுமதியும் தராது. இரவில் அது கண்ணுக்கும் தெரியாது.

அபராதம் 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தோடு ஏறியது. மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவின்படி அதிக எடைக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். 3 டன் கூடுதல் என்றால் 26,000. கூடுதல் சரக்கை இறக்கும் கூலியும் உங்கள் தலையில்தான். இறக்காமல் வண்டியை நகர்த்த விடமாட்டார்கள். அதே பிரிவில் 2019-இல் புதிதாகச் சேர்ந்தது 194(1ஏ). எடை சரியாகவே இருந்தாலும், சரக்கு பக்கவாட்டிலோ முன்பின்னோ உயரத்திலோ வரம்பைத் தாண்டினால் அதற்கும் 20,000 ரூபாய், இறக்குக்கூலி தனி. நிறுத்தச் சொல்லியும் நிற்காமல் போனால், எடை போட மறுத்தால், 40,000. பெரிய இயந்திரம், காற்றாலை இறக்கை போன்ற பிரிக்க முடியாத சரக்குக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கிப் போவது வேறு வழி. அது இந்த அத்தியாயத்தில் வராது.

இதில் உரிமையாளர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 194-ஆம் பிரிவு ஓட்டுபவரை மட்டும் சொல்லவில்லை. ஓட்டச் செய்பவரையும், ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்தே சொல்கிறது. “டிரைவர்தான் ஏத்துனான், எனக்குத் தெரியாது” என்ற பதில் நிற்பது கடினம். விழுந்த சரக்கால் உயிர் போனால் பேச்சே அபராதத்தைப் பற்றி இருக்காது. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதா 106(1)-இன் கீழ் 5 ஆண்டு வரை சிறை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 2 ஆண்டாக இருந்தது.

இனி சரக்குக்கு வருவோம். தமிழ்நாட்டில் அதிகம் ஓடுவதும் அதிகம் சிந்துவதும் எம்-சாண்ட், ஜல்லி, கிராவல் ஏற்றும் டிப்பர்கள். தவறு கிரஷரிலேயே தொடங்குகிறது. லோடர் ஓட்டும் பையன் கடைசிப் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு, “அண்ணே, இன்னும் அரைப் பக்கெட் கெடக்கு, போட்டுரட்டுமா?” என்பான். “போடு தம்பி, வழியில பாத்துக்கலாம்” என்று கீழிருந்து பதில் போகும். அந்த அரைப் பக்கெட் பலகைக்கு மேலே கோபுரமாக நிற்கும். முதல் வேகத்தடையில் அதன் முனை சரிந்து, ஒரு பிடி ஜல்லி பக்கப்பலகையைத் தாண்டி விழும். பின்னால் வருகிற பைக்காரருக்கு அது போதும்.

எடைக் கணக்கும் இதே பேச்சைத்தான் பேசுகிறது. ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். எம்-சாண்ட் கன மீட்டருக்கு 1.6 டன் என்று வைத்தால் ஒரு யூனிட் நாலரை டன். ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். 2018-இல் அச்சு எடை வரம்பைக் கூட்டிய பிறகு ஆறு சக்கர லாரிக்கு மொத்த எடை 18.5 டன், பத்து சக்கரத்துக்கு 28.5 டன். ஆறு சக்கர டிப்பரின் வெற்று எடை 7 டன் என்றால் மிஞ்சுவது 11.5. அதாவது இரண்டரை யூனிட். மூன்று யூனிட் ஏற்றினால் 13.5 டன்; பலகைக்கு மேல் குவியாவிட்டாலும் எடைமேடையில் 2 டன் கூடுதல். இந்த எண்களைப் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டிக்கு ஆர்.சி.யில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. கோபுரம் கட்டி ஏற்றிய வண்டி அநேகமாக எடையிலும் தோற்கும், மூடுவதிலும் தோற்கும். குவியலின் மேல் தார்ப்பாய் ஒழுங்காக உட்காராது. நடுவில் கூடாரமாக நின்று ஓரத்தில் காற்றை உள்ளே விடும்.

எவ்வளவு இடம் விட வேண்டும்? நான் சொல்வது, பலகையின் மேல் விளிம்பிலிருந்து அரை அடி கீழே. இந்த அளவைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கும் இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா. ஜல்லி, மணல் ஏற்றும் வண்டியில் சரக்கு பெட்டியின் விளிம்பைத் தொடும் இடங்களில் 6 அங்குலம் கீழே இருக்க வேண்டும், நடுக்குவியலும் விளிம்பைத் தாண்டக்கூடாது, அப்படி இருந்தால் மூட வேண்டியதில்லை என்கிறது அந்த ஊர் வாகனச் சட்டத்தின் 23114-ஆம் பிரிவு. வண்டியிலிருந்து சாலையில் விழலாம் என்று அதே பிரிவு அனுமதிக்கும் பொருள்கள் இரண்டுதான்: சுத்தமான தண்ணீர், உயிருள்ள பறவையின் இறகு. நாமக்கல் கோழி லாரிக்காரர்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். நம் ஊரில் அரை அடி விட்ட பிறகும் மூடத்தான் வேண்டும், ஏனென்றால் தூசிக்கு அரை அடி ஒரு பொருட்டில்லை.

அடுத்து டெயில் போர்டு. சாலையில் விழும் மணலில் பெரும்பங்கு மேலிருந்து விழுவதில்லை. பின்பலகைக்கும் தரைத்தகட்டுக்கும் இடையிலுள்ள இடுக்கில் ஒழுகுகிறது. புது வண்டியில் அந்த இடுக்கு நூல் போல இருக்கும். ஜல்லி கொட்டிக் கொட்டித் தகடு வளைந்து, ஒரு வருடத்தில் விரல் நுழையும். வைக்கோலையோ சாக்கையோ திணித்து ஓட்டுவது வழக்கம், இருபது கிலோமீட்டருக்கு அது நிற்கவும் செய்யும். அதற்குப் பதில் பழைய கன்வேயர் பெல்ட்டிலிருந்து நான்கு அங்குல அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, பட்டைக்கம்பி வைத்துப் பலகையின் அடியில் போல்ட் போட்டு முடுக்கிவிடுங்கள். கிரஷரிலேயே கிழிந்த பெல்ட் கிடக்கும். பலகையின் கொண்டிகள் இரண்டு பக்கமும் முழுதாக விழுந்திருக்கின்றனவா என்று கையால் தட்டிப் பார்ப்பது வண்டி எடுக்குமுன் கடைசி வேலை. ஒரு பக்கம் மட்டும் பூட்டிய பலகை பள்ளத்தில் இறங்கும்போது முறுக்கிக்கொண்டு திறக்கும்.

கழுவிய மணலை ஈரத்தோடு ஏற்றினால் வழியெல்லாம் சொட்டும். அந்தத் தண்ணீரோடு நுண்பொடியும் இறங்கி, வளைவுகளில் சேறாகப் படியும். குவாரியில் ஒரு மணி நேரம் வடிய விட்டால் எடையும் குறையும், சாலையும் பிழைக்கும். முதலாளிக்கு அந்த ஒரு மணி நேரம் கசக்கும் என்பது தெரிந்ததுதான். தண்ணீரைச் சரக்கு விலைக்கு ஏற்றி, அதற்கு டீசலும் போட்டு, எடைமேடையில் அபராதமும் கட்டுவது எந்தக் கணக்கில் லாபம் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

தார்ப்பாய் வண்டியின் பெட்டியைவிட நான்கு பக்கமும் ஒன்றரை அடியாவது பெரிதாக இருக்க வேண்டும். பெட்டி அளவுக்கே வெட்டிய தார்ப்பாய் இழுத்த பக்கம் சரியாக இருக்கும், எதிர்ப்பக்கம் திறந்திருக்கும். முன்பக்க ஓரத்தை முதலில் கட்டுங்கள், காற்று அங்கிருந்துதான் நுழைகிறது. இரண்டு தார்ப்பாய் போட வேண்டியிருந்தால் பின்னதை முதலில் விரித்து, முன்னதை அதன் மேல் ஏற்றி விடுங்கள். மாற்றிப் போட்டால் ஓடும் காற்று ஓரத்தைப் பிரித்துத் தூக்கிவிடும். வளையக் கண் ஒவ்வொன்றிலும் கட்டு விழ வேண்டும். ஒன்று விட்டு ஒன்று கட்டுகிற பழக்கத்தில் கட்டாத கண்ணருகே துணி அடித்து அடித்து முதலில் கிழிவதைப் பார்க்கலாம். டியூப் ரப்பர் பட்டையால் கட்டுவது மோசமில்லை, இழுவை இருக்கும். வெயிலில் வெடித்த பட்டையை மட்டும் மாற்றிவிடுங்கள்.

கட்டி முடித்துவிட்டுக் கீழே இறங்கி வண்டியின் பின்னால் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். பெரும்பாலும் தார்ப்பாயின் தொங்கும் ஓரம் டெயில் லேம்ப்பையோ, இண்டிகேட்டரையோ, நம்பர் பிளேட்டையோ, ஒளிரும் ஸ்டிக்கரையோ பாதி மறைத்திருக்கும். பகலில் கட்டும்போது இது தெரிவதில்லை. இரவு இரண்டு மணிக்குப் புறவழிச்சாலையில் பின்னால் வரும் பஸ்காரருக்குத் தெரியும், அதுவும் மிக அருகில் வந்த பிறகு. மிஞ்சிய துணியை மடித்துப் பலகைக்கு மேலேயே சொருகிக் கட்டுங்கள்.

கட்டுவதற்காகச் சரக்கின் மேல் ஏறுவது ஓட்டுநர்களும் கிளீனர்களும் அடிபடும் முக்கியமான சமயம். தார்ப்பாயின் மேல் கால் வைத்தால் கீழே சரக்கு இருக்கிறதா வெற்றிடமா என்று தெரியாது. கைப்பிடி சுழற்றினால் கீழிருந்தே விரியும் உருளைத் தார்ப்பாய் டிப்பருக்குக் கிடைக்கிறது. தினமும் பல நடை அடிக்கும் வண்டிக்கு அந்தச் செலவு வீண் இல்லை என்பது என் கருத்து. ஒரு கிளீனரின் முதுகெலும்பு அதைவிட விலை கூடியது.

நகரத்துக்குள் கட்டுமானப் பொருள் கொண்டுபோகிறவர்களுக்கு இன்னொரு சட்டமும் உண்டு. 2018 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், காற்றில் துகள் மாசு வரம்பை மீறும் ஊர்களுக்கென்று தூசிக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தது. கட்டுமானப் பொருளையோ இடிபாட்டையோ மூடாத வண்டியில் ஏற்றிச் செல்லக்கூடாது என்று அதில் நேரடியாகவே இருக்கிறது. மணலைக் கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே மூடாமல் போட்டு வைப்பதும் தடை. ஆகவே கட்டட ஒப்பந்தக்காரர், “மூடி வந்தாத்தான் உள்ளே விடுவேன்” என்று கேட்டில் நின்று சொன்னால் அவர் உங்களைச் சீண்டவில்லை, தன் பொறுப்பைத்தான் பார்க்கிறார். அனல் மின் நிலையச் சாம்பலுக்கு இந்தத் தார்ப்பாய் வேலை எடுபடாது. உலர்ந்த சாம்பல் சிமென்ட் பல்கர் போன்ற மூடிய தொட்டியில்தான் போக வேண்டும். நனைத்த சாம்பல் என்றால் மட்டும் தார்ப்பாய்.

மணலில் மூடுவது பெரிது, கம்பியில் கட்டுவது பெரிது. கம்பி லோடு ஏற்றுகிறவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஓடும் லாரியில் பிரேக் போட்டால் நிற்பது லாரிதான். சரக்கு தன் போக்கில் போகப் பார்க்கும். ஐரோப்பாவில் சரக்கு கட்டுவதற்கு வைத்திருக்கும் இ.என். 12195 தரத்தில், முன்னோக்கிச் சரக்கின் எடையில் 80 சதவீதம், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 50 சதவீதம் விசையைத் தாங்கும்படி கட்டச் சொல்கிறார்கள். 10 டன் கம்பி என்றால் முன்னால் 8 டன் தள்ளு. இதில் கொஞ்சம் உராய்வு பிடித்துக்கொள்ளும். இரும்புத் தரையில் இரும்புக் கம்பி என்றால் அந்த உராய்வு எடையில் ஐந்தில் ஒரு பங்கு கிடைத்தால் பெரிது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதுவும் இல்லை. 2 டன் போக மீதி 6 டன்னை யார் பிடிப்பது?

கயிறு என்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ராட்செட் பெல்ட்டில் தைத்திருக்கும் நீலச் சீட்டில் எல்.சி. என்றும் எஸ்.டி.எஃப். என்றும் இரண்டு எண்கள் இருக்கும். எல்.சி. என்பது பெல்ட் தாங்கும் எடை. கடைக்காரர் சொல்லும் ‘5 டன் பெல்ட்’ என்பதெல்லாம் அந்த வகை எண். எஸ்.டி.எஃப். என்பது கையால் ராட்செட்டை முடுக்கும்போது பெல்ட்டில் உண்மையில் ஏறும் இழுவை. சாதாரண பெல்ட்டில் அது 300, 350 என்றுதான் இருக்கும். அலகு டெக்கா நியூட்டன், ஏறத்தாழ கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். சரக்கின் மேலாகப் போட்டு இறுக்கினால் இரண்டு பக்கமும் சேர்த்து 600 கிலோ கீழ்நோக்கி அழுத்தும். ஐந்தில் ஒரு பங்கு உராய்வில் அது 120 கிலோ தள்ளைத் தடுக்கும். 6 டன்னைத் தடுக்க இப்படி 50 பெல்ட் வேண்டும். யாரும் 50 பெல்ட் போடப் போவதில்லை.

அதனால் கம்பி லோடில் முன்தடுப்புதான் முதலிடம். கேபினுக்குப் பின்னாலுள்ள முன்பலகை உறுதியாக இருக்க வேண்டும், கம்பி அதில் முட்டி நிற்கும்படி அடுக்க வேண்டும். முன்பலகைக்கும் கம்பிக்கும் நடுவே இரண்டடி இடைவெளி விட்டு அடுக்கினால், பிரேக்கில் கம்பி அந்த இரண்டடியும் ஓடி வேகம் பிடித்து வந்து மோதும். அப்போது முன்பலகை கேபினுக்குள் இருக்கும். பின் அச்சுக்கு எடை வர வேண்டும் என்பதற்காக இடைவெளி விட்டே ஆக வேண்டுமானால், அந்த இடத்தில் சவுக்குக் கட்டைகளைக் குறுக்கே அடைத்து நிரப்புங்கள். தரையில் கட்டையோ ரப்பர் விரிப்போ போட்டு அதன் மேல் கம்பியை வைத்தால் உராய்வு இரண்டு மடங்குக்கு மேலாகும். காசுக்குக் கிடைக்கும் பாதுகாப்பில் இதைவிட மலிவானது இல்லை.

டி.எம்.டி. கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது, நம் லாரிப் பெட்டிகள் பெரும்பாலும் அதில் பாதிதான். அதனால் நடுவில் மடித்து ஏற்றுகிறார்கள். மடித்த பக்கம் கேபினை நோக்கியும் வெட்டு முனைகள் பின்பலகையை நோக்கியும் இருக்கட்டும். வெட்டு முனைகள் கேபினைப் பார்த்திருந்தால், ஒரு கட்டிலிருந்து உருவி வரும் ஒற்றைக் கம்பி முன்பலகைச் சட்டங்களின் இடைவெளி வழியே ஓட்டுநரின் இருக்கைக்கு வந்துவிடும். பின்பலகையைச் சாத்திப் பூட்டுங்கள். சாத்த முடியாத நீளம் என்றால் அந்த வண்டி அந்தச் சரக்குக்கு உரியதில்லை, டிரெய்லருக்குச் சொல்லிவிடுங்கள். கட்டுக்குள்ளிருந்து நடுக்கம்பி உருவுவதைத் தடுக்க மேலாகப் போடும் கட்டு உதவாது. சங்கிலியைக் கட்டைச் சுற்றி ஒரு முழுச் சுற்று சுற்றி, இறுக்கி, பிறகு பாடியின் கொக்கிக்குக் கொண்டுபோக வேண்டும். அப்போதுதான் இழுக்க இழுக்கக் கட்டு நெரியும். மடித்த கம்பி விறைப்போடு இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். இறக்குமிடத்தில் கட்டுக்கம்பியை வெட்டுகிறவர் கம்பி விரியும் திசையில் நிற்கக்கூடாது.

கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை. நைலான் கயிறு நனைந்தால் நீளும், மழையில் கட்டு தளரும். சணல், தேங்காய்நார்க் கயிறு நனைந்தால் இறுகி, காய்ந்தால் தளரும். பிளாஸ்டிக் கயிறு வெயிலில் நாளுக்கு நாள் சத்திழக்கும். கையில் தேய்த்தால் பொடி உதிர்கிறதென்றால் அதன் ஆயுள் முடிந்தது. பலகை விளிம்பு, இரும்புக் கூர்முனை ஆகியவற்றின் மேல் கயிறோ பெல்ட்டோ நேராக விழாமல் பழைய டயர்த் துண்டை இடையில் வையுங்கள். முடிச்சு விழுந்த பெல்ட்டை உபயோகிக்க வேண்டாம். முடிச்சில் அதன் பலம் பெருமளவு போய்விடும்.

உயரமான, இலேசான சரக்குகளுக்கு வேறு கவலை. தஞ்சை, திருவாரூர் பக்கம் சம்பா அறுவடை முடிந்ததும் வைக்கோல் லாரிகள் வீதிக்கு வரும். எடையே இல்லையென்று அகலத்திலும் உயரத்திலும் ஏற்றுவார்கள். இந்த வண்டிகளின் எமன் மின்கம்பி. தெருவைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து 5.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது மின்சார ஆணையத்தின் விதி. சட்டப்படி 4 மீட்டர் ஏற்றிய வண்டியின் மேல் 1.7 மீட்டர் உயர ஆள் எழுந்து நின்றால் தலை 5.7 மீட்டரில். கை தூக்க வேண்டியதில்லை. கோடையில் தொய்ந்த கிராமத்துக் கம்பிக்கு இந்தப் பத்து சென்டிமீட்டரும் கிடையாது. ஓடும்போது வைக்கோலின் மேல் ஆளை உட்கார வைப்பதும், கம்பியைக் கழியால் தூக்கிவிட்டு வண்டியைக் கடத்துவதும் எந்த ஊர்ப் பழக்கமாக இருந்தாலும் விட்டுவிட வேண்டியவை. 4 மீட்டருக்குள் ஏற்றி, முழுக்க வலை போர்த்தி, குறுக்கும் நெடுக்கும் கயிறு போட்டால் உதிர்வதும் நிற்கும், தீயும் வராது. ரோலாகச் சுருட்டிய வைக்கோல் என்றால், ஓரத்து ரோல்கள் உள்நோக்கிச் சாயும்படி அடுக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கட்டு கொடுக்க வேண்டும். ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்களுக்கும் இதே கதைதான்; அவற்றில் பின்விளக்கும் ஒளிரும் பட்டையும் இருக்கிறதா என்பது கூடுதல் கேள்வி.

வீடு மாற்றக் குட்டியானை பிடிப்பவர்கள் தங்களுக்கும் இந்த அத்தியாயத்துக்கும் சம்பந்தமில்லை என்று நினைக்கலாம். மேலே கிடத்திய மெத்தை அறுபது கிலோமீட்டர் வேகத்தில் பாய்மரம் ஆகிவிடும். நடுவில் ஒரு கயிறு மட்டும் போட்டால் முன்முனை எழும்பும். பிளைவுட், தெர்மாகோல், பிளாஸ்டிக் நாற்காலி, காலி டிரம் எல்லாமே இப்படித்தான். இலேசானதை அடியில் வைத்து, கனமானதை அதன் மேல் வைத்துக் கட்டக் கூடுமானால் அப்படிச் செய்யுங்கள். முடியாவிட்டால் முன்முனையைத் தனியாகக் கட்டுங்கள்.

வண்டி கிளம்பி முதல் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் சரக்கு அமர்ந்துகொள்ளும், கட்டு தளரும். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் இது நடக்கும். முதல் டீக்கடையில் நிறுத்தி ஒரு சுற்று சுற்றி வந்து கட்டுகளைக் கையால் அழுத்திப் பாருங்கள். பிறகு மழை பெய்தாலும், கடுமையாக பிரேக் போட நேர்ந்தாலும், மலைப்பாதை இறங்கி முடித்தாலும் இன்னொரு முறை.

எல்லாம் செய்தும் ஏதாவது விழுந்துவிட்டால் ஓடிப்போகாதீர்கள். வண்டியை ஓரங்கட்டி, அபாய விளக்கைப் போட்டு, விழுந்த இடத்துக்கு நன்றாகப் பின்னால் முக்கோணப் பலகையையோ பச்சை இலைக் கிளையையோ வைத்துவிட்டு உதவிக்கு அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033, மற்ற இடங்களில் 112. ஓடுகிற போக்குவரத்துக்கு நடுவே குனிந்து கல் பொறுக்குவது வேண்டாம். போலீசாரோ நெடுஞ்சாலை ரோந்து வண்டியோ வந்து வழியை மறித்த பிறகு அள்ளலாம். யாராவது அடிபட்டிருந்தால் மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்வதும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிப்பதும் மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆம் பிரிவின்படி ஓட்டுநரின் கடமை. கூட்டம் அடிக்க வருகிறது என்றால் விலகிப் போய் நேராகக் காவல் நிலையத்துக்குப் போகச் சட்டம் இடம் தருகிறது. வீட்டுக்குப் போக இடம் தரவில்லை. சாலையில் கொட்டியதை அப்படியே விட்டுவிட்டுப் போனால், பொதுவழியில் இடையூறு செய்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதா 285-இன் கீழ் 5,000 ரூபாய் வரை அபராதம் தனி.

சரக்கை இறக்கிய பிறகும் வேலை பாக்கி இருக்கிறது. கொட்டிய டிப்பரின் பின்பலகை விளிம்பிலும் சேசிஸ் சட்டத்தின் மேலும் ஜல்லி தங்கியிருக்கும். துடைப்பத்தால் தள்ளிவிட்டுக் கிளம்புங்கள். இரட்டைச் சக்கரங்களின் நடுவில் கல் சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்து, இருந்தால் கடப்பாரையால் நெம்பி எடுங்கள். வேகம் பிடித்ததும் அது தெறித்துப் பின்னால் வரும் காரின் கண்ணாடிக்குப் போகும். தார்ப்பாயைச் சுருட்டி முன்பலகையோடு சேர்த்து இரண்டு இடத்தில் கட்டுங்கள். பெல்ட்டுகளையும் கயிறுகளையும் கருவிப்பெட்டியில் போடுங்கள். கொக்கியில் தொங்க விட்டுப் போனால் கயிற்றின் முனை சக்கரத்தில் சுற்றும், இல்லையென்றால் பக்கத்தில் போகும் பைக்கின் கைப்பிடியில் சுற்றும்.